எல்.சி.க்குப் பணம் தர மறுத்தால் வங்கியின் பொறுப்பு என்ன?



வெளிமாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ சரக்கு அனுப்பும்போது, "எல்.சி. வந்துவிட்டது, இனிப் பணத்துக்குப் பயமில்லை" என்று நம்மில் பலர் நிம்மதியாக மூட்டையை ஏற்றி விடுகிறோம். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, "உங்கள் காகிதத்தில் குறை இருக்கிறது, பணம் தர இயலாது" என்று வங்கியிலிருந்து கடிதம் வந்ததும், "வங்கியே சொல்லிவிட்டது, நாம் என்ன செய்ய முடியும்?" என்று வாங்கியவர் கேட்கும் தள்ளுபடிக்குத் தலையாட்டி விடுகிறோம். இந்த நிம்மதியும் தவறு, இந்தத் தலையாட்டலும் தவறு. வங்கி எப்போது மறுக்கலாம், எப்போது மறுத்தால் வங்கியே நஷ்டத்தைக் கட்ட வேண்டும் என்பதற்குத் தெளிவான விதிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்து கொள்ளச் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்த எனக்குப் புரிந்த அளவில், நம் வியாபாரத்துக்கு வேண்டியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

எல்.சி. என்பது யார் கொடுக்கும் வாக்கு?

லெட்டர் ஆஃப் கிரெடிட் என்பது வாங்குபவர் கொடுக்கும் வாக்கு அல்ல. அவருடைய வங்கி கொடுக்கும் வாக்கு. "இன்ன சரக்குக்கு, இன்ன காகிதங்களை, இன்ன தேதிக்குள் எங்களிடம் கொடுத்தால், இவ்வளவு பணம் நாங்கள் தருகிறோம்" என்று விற்பவருக்கு வங்கி நேரடியாக எழுதிக் கொடுப்பது அது. வாங்கியவர் நொடித்துப் போனாலும், மனம் மாறினாலும், விலை இறங்கி விட்டது என்று பின்வாங்கினாலும், காகிதம் சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுத்தே ஆக வேண்டும்.

இதில் வங்கிகள் மூன்று வகை. வாங்குபவருக்காக எல்.சி. திறக்கும் வங்கி முதலாவது. முழுப் பொறுப்பும் அதற்கு உண்டு. அந்த எல்.சி.யை நமக்குத் தெரிவிக்கும் நம் ஊர் வங்கி இரண்டாவது. அதை 'அட்வைசிங்' வங்கி என்பார்கள். வந்திருக்கும் எல்.சி. பார்வைக்கு உண்மையானதுதானா என்று பார்த்துச் சொல்வதே அதன் வேலை. பணம் தரும் கடமை அதற்கு இல்லை. மூன்றாவது, 'நாங்களும் உறுதி அளிக்கிறோம்' என்று தன் வாக்கையும் சேர்த்துக் கொடுக்கும் 'கன்ஃபர்மிங்' வங்கி. இதற்கும் திறந்த வங்கியைப் போலவே பொறுப்பு உண்டு. எல்.சி. வந்த அன்றே, பொறுப்பேற்றிருப்பது எந்த வங்கி என்று பார்த்துக் கொள்வது நல்லது. நம் கிளை மேலாளர் நமக்கு வேண்டியவர் என்பதால் மட்டும் நம் கிளை பணத்துக்குப் பொறுப்பாகி விடாது.

உலகம் முழுவதும் வங்கிகள் இதற்குக் கைக்கொள்ளும் விதிகளைத் தொகுத்தது பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை. 1933-ல் முதல் முறையாகத் தொகுத்து, அவ்வப்போது திருத்தி வருகிறார்கள். இப்போது நடப்பில் இருப்பது 'யு.சி.பி. 600' எனப்படும் தொகுப்பு. 1-7-2007 முதல் அமலில் உள்ளது. நம் நாட்டுக்குள்ளேயே திறக்கப்படும் எல்.சி.களிலும் பெரும்பாலும் 'யு.சி.பி. 600-க்கு உட்பட்டது' என்ற வரி இருக்கும். அந்த ஒரு வரி நமக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வங்கி பார்ப்பது காகிதத்தை, சரக்கை அல்ல

முதல் விதி இது. வங்கி சரக்கைப் பார்க்காது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் உள்ள ஒப்பந்தத்தையும் பார்க்காது. எல்.சி.யில் கேட்ட காகிதமும் நாம் கொடுத்த காகிதமும் பொருந்துகின்றனவா என்று மட்டுமே பார்க்கும். பொருந்தாவிட்டால் மறுக்க அதற்கு உரிமை உண்டு. இந்த விதியால் நஷ்டப்பட்டவர் கதைகளில் இரண்டு, நம் எண்ணெய் வித்து வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டவை.

ஒன்று, நம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய நிலக்கடலை பற்றியது. 1940 மார்ச் மாதம் லண்டனில் உள்ள ஹாம்ப்ரோஸ் வங்கி, டென்மார்க் நாட்டு வாடிக்கையாளருக்காக ஓர் எல்.சி. திறந்தது. சுமார் 1,400 டன் 'கோரமண்டல் நிலக்கடலை', டன்னுக்கு 12 பவுன் 2 ஷில்லிங் 6 பென்ஸ், மொத்தம் 16,975 பவுன். சென்னையிலிருந்து டென்மார்க்கின் ஆர்ஹுஸ் துறைமுகத்துக்கு. விற்றவர் கொடுத்த இன்வாய்ஸில் 'கோரமண்டல் நிலக்கடலை' என்றே இருந்தது. ஆனால் கப்பல் ரசீதில் 'இயந்திரத்தில் உடைத்த நிலக்கடலைப் பருப்பு' என்று எழுதி, ஓரத்தில் 'சி.ஆர்.எஸ்.' என்று குறி போட்டிருந்தார்கள். சி.ஆர்.எஸ். என்றால் கோரமண்டல் என்பது லண்டன் கடலை வியாபாரிகள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஏப்ரல் 9-ல் ஜெர்மனி டென்மார்க்குக்குள் படையோடு நுழைந்துவிட்டது. அதன் பிறகு காகிதம் வந்தபோது வங்கி பணம் தர மறுத்தது. கீழ்க் கோர்ட்டில் விற்றவர் ஜெயித்தார். மேல்முறையீட்டில் 1942-ல் வங்கி ஜெயித்தது. ஆயிரக்கணக்கான தொழில்களில் புழங்கும் குறிச் சொற்களையெல்லாம் வங்கிக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்றைய யு.சி.பி. விதி இதில் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. இன்வாய்ஸில் மட்டும் சரக்கின் விவரம் எல்.சி.யோடு பொருந்த வேண்டும். மற்றக் காகிதங்களில் முரண்படாத பொதுச் சொல்லால் குறித்தால் போதும் என்கிறது. ஆனால் எது முரண், எது பொது என்று வழக்காடி முடிக்கும்போது வட்டியே அசலைத் தின்றுவிடும். எல்லாக் காகிதத்திலும் எல்.சி.யின் சொல்லையே அப்படியே எழுதிவிடுவதுதான் வியாபாரிக்கு லாபம்.

மற்றொன்று கடுகெண்ணெய் பற்றியது. நம் உச்ச நீதிமன்றம் 1981-ல் தீர்ப்பளித்தது. யுனைடெட் கமர்ஷியல் வங்கிக்கும் பாங்க் ஆஃப் இந்தியாவுக்கும் நடந்த வழக்கு. எல்.சி.யில் ஒரு பிராண்டு பெயரைச் சொல்லி, சுத்தமான, ரிஃபைன் செய்யாத கடுகெண்ணெய் என்று இருந்தது. ரயில்வே ரசீதில் பிராண்டு பெயர் இல்லை. வெறுமனே ரிஃபைன் செய்யாத கடுகெண்ணெய் என்று இருந்தது. பணம் 'அண்டர் ரிசர்வ்' என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது. அதாவது, குறை ஏற்கப்படாவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையோடு. பின்னர் அப்படியே திரும்பக் கேட்டார்கள். அதைத் தடுக்கப் பிறப்பித்திருந்த தடையுத்தரவை உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஆகவே 'ரிசர்வ்' என்று சொல்லி வங்கி கொடுக்கும் பணம் நம் கணக்கில் வரவு ஆனாலும், அது இன்னும் முழுக்க நம் பணம் ஆகவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பணத்தை அடுத்த கொள்முதலில் போட்டுவிட்டு, பிறகு திரும்பக் கேட்கும்போது திண்டாடுபவர்கள் உண்டு.

காகித விதி வங்கியையும் கட்டும்

இதுவரை படித்தவர்களுக்கு, விதி எல்லாம் வங்கிக்கே சாதகம் என்று தோன்றலாம். அப்படியில்லை. அதே விதி வங்கியின் கையையும் கட்டுகிறது. யு.சி.பி. 600-ல் 14, 16 ஆகிய இரண்டு விதிகளை ஒவ்வொரு வியாபாரியும் கடையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அவை சொல்வது இதுதான்:

காகிதம் வங்கியின் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 5 வங்கி வேலை நாட்களுக்குள், ஏற்பதா மறுப்பதா என்று வங்கி முடிவு செய்ய வேண்டும். மறுத்தால் அந்தக் கெடுவுக்குள்ளேயே அறிவிப்பு அனுப்ப வேண்டும். வங்கி விடுமுறைகளும், நம் நாட்டில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளும் இந்தக் கணக்கில் சேராது.

மறுப்பு அறிவிப்பு ஒன்றே ஒன்றுதான். எல்லாக் குறைகளையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும். இன்று ஒரு குறை, அதைச் சரி செய்ததும் அடுத்த வாரம் இன்னொரு குறை என்று இழுக்க முடியாது. 'காகிதம் சரியில்லை' என்று மொத்தமாகச் சொல்வதும் செல்லாது. எந்தக் காகிதத்தில் என்ன குறை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

காகிதங்களை என்ன செய்யப் போகிறோம் என்பதையும் அதே அறிவிப்பில் சொல்ல வேண்டும். நம் உத்தரவுக்காக வைத்திருக்கிறார்களா, திருப்பி அனுப்புகிறார்களா என்பது தெரிய வேண்டும். காகிதம் இல்லாமல் சரக்கை வேறு ஆளுக்கு விற்க முடியாது அல்லவா?

இவற்றில் எதைச் செய்யத் தவறினாலும், காகிதத்தில் குறை இருக்கிறது என்று சொல்லும் உரிமையையே வங்கி இழந்துவிடுகிறது. குறை உண்மையாகவே இருந்தாலும் சரி, பணம் கொடுக்க வேண்டியதுதான்.

எங்கள் மண்டியிலேயே இது நடந்தது. வேறு மாநில மசாலாக் கம்பெனி ஒன்றுக்கு எல்.சி.யின் பேரில் மல்லி அனுப்பியிருந்தோம். சரக்கு போய்ச் சேருவதற்குள் மல்லி விலை இறங்கிவிட்டது. காகிதம் அந்த ஊர் வங்கிக்குப் போய் எட்டாவது வேலை நாளில், லாரி ரசீதில் மூட்டைக் கணக்கு எழுத்தால் எழுதப்படவில்லை என்று கடிதம் வந்தது. எல்.சி.யில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. பின்னாலேயே கம்பெனிக்காரர் போன் செய்து, விலையைக் குறைத்தால் 'குறையை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன்' என்றார். காகிதம் வங்கியில் ஒப்படைக்கப்பட்டதற்கான கூரியர் ஒப்புகையின் நகலை வைத்து, 16-ஆம் விதியைச் சொல்லி, எங்கள் வங்கி மூலம் நான்கு வரி எழுதினோம். பத்து நாளில் முழுத் தொகையும் வந்தது. வழக்கு வரை போகவில்லை. அந்த ஒப்புகைச் சீட்டு இல்லையென்றால் கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

பெரிய அளவில் நடந்ததும் உண்டு. 2008-ல் உலகச் சந்தையில் இரும்பு விலை சரிந்தபோது, பழைய இரும்பு இறக்குமதிக்கு நம் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறந்திருந்த எல்.சி.கள் தொடர்பாக லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. காகிதத்தில் குறை என்று வங்கி மறுத்தது. திருப்பி அனுப்புகிறோம் என்றும் அறிவித்தது. ஆனால் உடனே திருப்பி அனுப்பவில்லை. சொன்னபடி தாமதமில்லாமல் திருப்பி அனுப்பாததால், குறை சொல்லும் உரிமையை வங்கி இழந்துவிட்டது என்று 2011-ல் தீர்ப்பாயிற்று. மூன்று வங்கி வேலை நாட்களுக்குள் அனுப்பியிருக்க வேண்டும் என்று அங்கே கணக்குச் சொன்னார்கள். காகிதத்தில் குறை இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே பிறகு இடமில்லாமல் போயிற்று.

நஷ்ட ஈடு எவ்வளவு?

தவறாக மறுத்த வங்கி, எல்.சி.யில் உள்ள தொகையையும், தாமதத்துக்கு உரிய வட்டியையும் தர வேண்டியிருக்கும். சில சமயம் பொறுப்பு அதற்கு மேலும் போகும். கல்கத்தாவில் உள்ள சணல் ஆலை ஒன்றுக்கு பிரிட்டனிலிருந்து இயந்திரங்கள் அனுப்புவதற்காக ஈஸ்டர்ன் வங்கி 70,000 பவுனுக்கு எல்.சி. திறந்திருந்தது. இயந்திரங்களைப் பகுதி பகுதியாக அனுப்பினார்கள். முதல் தவணைகளுக்குப் பணம் வந்தது. பிறகு, கூலி உயர்வைப் பில்லில் சேர்த்திருக்கிறார்கள் என்று வாங்கியவர் ஆட்சேபித்ததைக் கேட்டு வங்கி நிறுத்திவிட்டது. 1920-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து நீதிமன்றம் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள விலைத் தகராறு வங்கிக்குச் சம்பந்தமில்லாதது. அதைக் காரணம் காட்டி மறுத்தது தவறு. அந்த ஒரு பில்லுக்கு மட்டுமல்ல, மீதி இயந்திரங்களை அனுப்ப முடியாமல் போனதால் விற்றவருக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கும் வங்கியே பொறுப்பு என்றார்கள். நூறு வருஷம் ஆகியும் இந்தத் தீர்ப்பை வழக்கறிஞர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள்.

ஆனாலும், வங்கி மறுத்துவிட்டது என்று சரக்கை வெயிலிலும் மழையிலும் போட்டுவிட்டுக் கை கட்டி நிற்கக் கூடாது. நஷ்டத்தைக் குறைக்க நாம் என்ன செய்தோம் என்று நீதிமன்றம் கேட்கும். உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, வழக்கறிஞரைக் கலந்து, கிடைத்த நியாயமான விலைக்குச் சரக்கை விற்று, அதற்கான பட்டியலைப் பத்திரமாக வைத்துக் கொள்ள வேண்டும்.

வாங்குபவராக நாம் இருந்தால்?

நம்மில் பர்மாவிலிருந்து உளுந்தும் துவரையும் இறக்குமதி செய்கிறவர்கள், வடநாட்டு மில்லிலிருந்து பருப்பு எடுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதே விதி மறுபக்கமாக வந்து நிற்கும். சரக்கு மட்டமாக இருக்கிறது என்பதற்காக எல்.சி. பணத்தை நிறுத்தச் சொல்ல முடியாது. சென்னையைச் சேர்ந்த தாராப்பூர் கம்பெனி, ஃபராக்கா அணைத் திட்ட வேலைக்காக ரஷ்யாவிலிருந்து மண் தோண்டும் இயந்திரங்களை எல்.சி. மூலம் வாங்கியது. இயந்திரங்கள் சரியாக வேலை செய்யவில்லை என்றும், 1966-ல் ரூபாய் மதிப்புக் குறைக்கப்பட்டதை ஒட்டியும் தகராறு எழுந்தது. பணம் கொடுக்க வங்கிக்குத் தடை கேட்டார்கள். 1968-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒப்பந்தத் தகராறு வேறு, எல்.சி. வாக்கு வேறு என்பதே காரணம்.

முக்கியமான விதிவிலக்கு: அப்பட்டமான மோசடி. பிரஷ் செய்வதற்கான முரட்டு முடிக்குப் பதிலாக, இந்தியாவிலிருந்து ஒருவர் மாட்டு முடியையும் குப்பையையும் பெட்டியில் நிரப்பி அனுப்பினார் என்று நியூயார்க்கில் வழக்கு வந்தது. அந்தப் புகார் உண்மையானால், பணம் கொடுக்கும் முன்பே விஷயம் தெரிந்த வங்கி பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று 1941-ல் அங்கே சொன்னார்கள். நம் நீதிமன்றங்களும் இந்த விதிவிலக்கை ஏற்கின்றன. ஆனால் சந்தேகம் போதாது, மோசடி தெளிவாகத் தெரிய வேண்டும் என்கின்றன. 'தரம் கொஞ்சம் குறைவு' என்பது மோசடி ஆகாது. தரத்தில் பயம் இருந்தால், சரக்கு ஏற்றும் முன் பொதுவான ஆய்வாளர் ஒருவரின் தரச் சான்று வேண்டும் என்று எல்.சி.யிலேயே ஒரு காகிதமாகக் கேட்டு எழுத வேண்டும். கேட்காததைப் பின்னால் வங்கியிடம் கேட்க முடியாது.

கவனிக்க வேண்டியவை

1. எல்.சி. வந்த அன்றே வரிக்கு வரி படியுங்கள். நம்மால் தர முடியாத காகிதம் எதையாவது கேட்டிருந்தால், சரக்கு ஏற்றும் முன்பே எழுத்து மூலம் திருத்தம் கேளுங்கள். வாங்குபவர் போனில் 'பரவாயில்லை' என்று சொல்வது திருத்தம் ஆகாது.

2. சரக்கின் பெயர், ரகம், ஊர்ப் பெயர் ஆகியவற்றை எல்.சி.யில் உள்ளபடியே எல்லாக் காகிதத்திலும் எழுதுங்கள். நம் மண்டிச் சுருக்கெழுத்தைத் தவிர்க்கவும்.

3. எடையில் 'சுமார்' என்று இருந்தால் 10 சதவீதம் கூடவோ குறையவோ அனுப்பலாம். 'சுமார்' இல்லாவிட்டாலும் 5 சதவீதம் உண்டு. ஆனால் மொத்தப் பணம் எல்.சி. தொகையைத் தாண்டக் கூடாது. 500 மூட்டை என்று எண்ணிக்கை சொல்லியிருந்தால் இந்த 5 சதவீதச் சலுகை கிடையாது, 500 மூட்டைதான்.

4. வேறு கெடு சொல்லாவிட்டால், சரக்கு ஏற்றிய தேதியிலிருந்து 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதி ஆவதற்கு முன், காகிதத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருந்தால் பிழை திருத்த அவகாசம் இருக்காது.

5. காகிதம் கொடுத்ததற்குத் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் நகல் வையுங்கள். முகப்புக் கடிதத்தில் 'எல்.சி.யின் கீழ் சமர்ப்பிக்கிறோம்' என்று இருக்கட்டும். வெறும் 'கலெக்‌ஷன்' என்று போனால் எல்.சி.யின் பாதுகாப்பே கேள்விக்குள்ளாகும்.

6. மறுப்பு வந்தால் மூன்றைப் பாருங்கள்: எத்தனையாவது வேலை நாளில் வந்தது, குறையைக் குறிப்பாகச் சொல்லியிருக்கிறார்களா, காகிதம் எங்கே இருக்கிறது. கெடு இருந்தால் உடனே குறையைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். குறை சொல்வது நியாயமில்லை என்றால், நம் வங்கி மூலம் எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

7. தீராவிட்டால், 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வணிக நீதிமன்றங்கள் இருக்கின்றன. 3 லட்ச ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்குகளை அங்கே தொடுக்கலாம். அவசரத் தடை கேட்காத வழக்கானால், முதலில் சமரச மையத்துக்குப் போக வேண்டும். பொதுவாக மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதால் 'பார்க்கலாம்' என்று தள்ளிப் போடக் கூடாது.

விலை ஏறும்போது யாரும் காகிதத்தில் குறை கண்டுபிடிப்பதில்லை. இறங்கும்போதுதான் காற்புள்ளிகூடக் குறையாகத் தெரிகிறது. மேலே சொன்ன வழக்குகளில் பலவும் போர், விலைச் சரிவு, ரூபாய் மதிப்புக் குறைப்பு போன்ற நேரத்தில் எழுந்தவையே. ஆகவே சந்தை நன்றாக இருக்கும்போதே காகிதத்தைச் சுத்தமாக வைக்கும் பழக்கத்தை நம் கடைப் பிள்ளைகளுக்கும் கணக்கர்களுக்கும் கற்றுக் கொடுக்க வேண்டும். வங்கியோடு நமக்குப் பகை வேண்டாம். ஆனால் வங்கி எழுதிக் கொடுத்த வாக்கை வங்கியும் காப்பாற்ற வேண்டும் என்று மரியாதையாகவும் உறுதியாகவும் கேட்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த முறை மறுப்புக் கடிதம் வந்தால், வாங்கியவருக்குத் தள்ளுபடி கொடுக்க ஒப்புக்கொள்ளும் முன், கடிதத்தின் தேதியையும் உங்கள் ஒப்புகைச் சீட்டின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாட்களை எண்ணிப் பாருங்கள்.